நூறுக்கு வராத தண்ணி

நீங்க வாங்கிக் கொடுத்த டீ நல்லா இருக்கு மேடம். அறுபத்திரெண்டு டிகிரி இருக்கும். ஒண்ணு கூடக் குறைய இருக்கலாம், தெர்மாமீட்டர் இல்லாம அதுக்கு மேல துல்லியமா சொல்ல முடியாது. குடிக்கிறதுக்குச் சரியான சூடு அறுபத்தஞ்சு. கடையில இருந்து ஸ்டேஷனுக்கு வர்றதுக்குள்ள மூணு டிகிரி ஆறியிருக்கு, அவ்வளவுதான். கொண்டு வந்தவரை நான் குறை சொல்லல.

எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னு கேட்டீங்க. டீயில இருந்தே ஆரம்பிக்கிறேன். ரைட்டர் சார் நிதானமா எழுதட்டும், எனக்கு அவசரம் இல்ல. ஒருதரம் சொன்னதை மறுதரம் மாத்திச் சொல்ல மாட்டேன். என் வேலையில ரீடிங்கை மாத்தி எழுதினா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சுடுவாங்க.

என் பேரு கமலக்கண்ணன். சொந்த ஊர் ஊத்தங்கரை பக்கம். இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ. சிப்காட்ல லாரிக்குப் பல்சக்கரம் பண்ற கம்பெனியில பதினோரு வருஷமா இருக்கேன். நான் இருக்கிறது ஸ்டாண்டர்ட்ஸ் ரூம். கம்பெனிக்குள்ள இருக்கிற ஒவ்வொரு அளவுக் கருவியும் ஆறு மாசத்துக்கு ஒருதரம் என் மேசைக்கு வந்தாகணும். என்கிட்ட மாஸ்டர்னு ஒண்ணு இருக்கும். அதோட ஒப்பிட்டு, எவ்வளவு விலகியிருக்குன்னு எழுதுவேன். திருத்த முடிஞ்சா திருத்துவேன். முடியலைன்னா சிவப்பு பெயின்ட் அடிச்சு ஓரமா வச்சுடுவேன். இதுல கோபத்துக்கு இடமே இல்ல மேடம். கருவி மேல யாராவது கோபப்படுவாங்களா?

கோபத்தைப் பத்தி முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா நீங்க அதைத்தான் தேடுறீங்கன்னு தெரியுது. எங்க அப்பாவுக்குக் கோபம் வரும். டீ ஆறிப்போச்சுன்னா டம்ளரோட எங்க அம்மா மேல வீசுவார். எப்ப வீசுவார், எங்க வந்து விழும்னு யாருக்கும் தெரியாது. நான் கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டு அவர் கால் எந்தப் பக்கம் திரும்புதுன்னு மட்டும் பார்த்துக்கிட்டு இருப்பேன். அப்பவே முடிவு பண்ணிட்டேன், நான் இந்த மனுஷன் மாதிரி ஆகக்கூடாதுன்னு. ஆகவும் இல்ல. கல்யாணம் ஆகி எட்டு வருஷத்துல பொற்கொடி மேல நான் கை ஓங்கினது கிடையாது. சத்தம் போட்டது கிடையாது. எங்க லைன் வீட்டுல யாரை வேணும்னாலும் விசாரிங்க, "கமலக்கண்ணன் இருக்கிற இடமே தெரியாதுங்க"ன்னுதான் சொல்லுவாங்க.

சரி, கெட்டில். அதை மேசை மேல வச்சிருக்கீங்க, பார்த்தேன். ரெண்டாயிரத்து ஆறுல எங்க கம்பெனிக்குப் புது ஃபர்னஸ் வந்துச்சு. அதைப் பொருத்த ஜெர்மனியில இருந்து ஹோல்கர்னு ஒரு இன்ஜினியர் வந்து மூணு மாசம் தங்கினார். நம்ம ஊர் டீ அவருக்கு ஆகல. பச்சைத் தேயிலை ஒண்ணு, கறுப்புத் தேயிலை ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு சூடு வேணும்னு இந்த கெட்டிலைக் கூடவே கொண்டு வந்திருந்தார். நாற்பதுல இருந்து நூறு வரைக்கும் வரிசையா ஏழு பட்டன் இருக்கும், பாருங்க. எது வேணுமோ அதை அழுத்தினா, அந்தச் சூடு வந்ததும் டக்குன்னு ஒரு சத்தம் போட்டு தானா நின்னுடும்.

ஒருநாள் மனுஷன் கெட்டிலைக் கையில தூக்கிக்கிட்டு என் ரூமுக்கு வந்தார். நூறு பட்டனை அழுத்தினா நிக்கவே மாட்டேங்குது, கொதிச்சுக்கிட்டே இருக்கு, கெட்டுப்போச்சு போலன்னார். நான் மாஸ்டர் தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்தேன். தொண்ணூத்தேழு காட்டிச்சு. கெட்டில் மேல தப்பு இல்ல சார், ஓசூர் மேலதான் தப்புன்னேன். நாம இருக்கிறது கிட்டத்தட்ட மூவாயிரம் அடி உயரத்துல. இங்க தண்ணி தொண்ணூத்தேழுலயே கொதிச்சுடும், அதுக்கு மேல ஏறாது. இது என்னடான்னா நூறு வரட்டும், அப்புறம் நிக்கலாம்னு காத்துக்கிட்டே இருக்கு. வராத ஒண்ணுக்காகத் தண்ணி வத்துற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். ஹோல்கர் நெத்தியில அடிச்சுக்கிட்டு அப்படிச் சிரிச்சார். ஊருக்குப் போறப்போ, இதைப் புரிஞ்சுக்கிட்ட ஆள் நீதான், நீயே வச்சுக்கன்னு கொடுத்துட்டுப் போனார். நான் பிளக்கை மாத்தினேன். நூறு பட்டன் மேல சிவப்பு டேப் ஒட்டினேன். யாரும் தெரியாம அழுத்திடக்கூடாது இல்லையா.

அதுவரைக்கும் பொற்கொடி பாத்திரத்துல பாலையும் தூளையும் ஒண்ணாப் போட்டுக் கொதிக்க வைப்பா. ஒருநாள் கசக்கும், ஒருநாள் சப்புன்னு இருக்கும். நான்தான் முறையா சொல்லிக் கொடுத்தேன். தண்ணி தொண்ணூறு. தூள் நாலு நிமிஷம் ஊறணும். பால் தனியா. கலந்து என் கைக்கு வர்றப்போ அறுபத்தஞ்சு. டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் கெட்டிலைத் தொடவே கூடாது. ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு ஷீட் ஒட்டினேன். தேதி, நேரம், டிகிரி, கையெழுத்து.

"ஏங்க, இது வீடா கம்பெனியா? நாளைக்கு எனக்கும் ஒரு ஹெல்மெட் குடுத்துடுவீங்க போல"ன்னு சிரிச்சா. "எங்க மத்தூர்ல இதை டீன்னு குடுத்தா வாங்கி மாட்டுத் தொட்டியில ஊத்திடுவாங்க"ன்னா. அப்பல்லாம் நல்லாப் பேசுவா. ஷீட்டுல கையெழுத்துக்குப் பதிலா பூ வரைஞ்சு வைப்பா. பூவும் ஒரு கையெழுத்துதான்.

எங்களுக்குக் குழந்தை இல்ல. பகல் பூரா சும்மா இருக்காளேன்னு நான்தான் அவளை வேலையில சேர்த்துவிட்டேன். இதையும் எழுதிக்கச் சொல்லுங்க மேடம், நான்தான் சேர்த்துவிட்டேன். செல்போனுக்கு உள்ள வைக்கிற சின்ன போர்டு பண்ற கம்பெனி. லென்சுக்கு அடியில கையை வச்சு, கடுகைவிடச் சின்ன சாமானை ட்வீசர்ல எடுத்து வைக்கணும். விரல் நடுங்காதவங்களுக்குத்தான் அந்த வேலை. சேர்ந்த ரெண்டாவது வாரமே லைன் லீடர் நாராயணம்மா இவ கையைப் பிடிச்சுத் தூக்கிக் காட்டி, "இது விரலா, மிஷினா?"ன்னு கேட்டாங்களாம். அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்து பத்து விரலையும் என் முன்னாடி விரிச்சுக் காட்டினா. நீலக் கோட்டு, கழுத்துல அடையாள அட்டை. கன்னடத்துல ரெண்டு வார்த்தை வேற கத்துக்கிட்டு வந்திருந்தா. அவ முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்ல.

அன்னைக்குத்தான் எனக்கு முதல்ல பயம் வந்துச்சு. எதுக்குன்னு கேட்டா அப்ப சொல்லத் தெரிஞ்சிருக்காது. ராட்டினத்துல மேல ஏறி இறங்கும்போது வருமே, அது மாதிரி. அது அப்புறம் போகவே இல்ல.

மறுவாரம் கம்பெனி பஸ் லேட்டு. ஓடி வந்து அவசரமா டீ போட்டா. ஐம்பத்தெட்டு. நான் திட்டல. உட்கார்ந்து யோசிச்சேன். அவளுக்குச் சூடு தெரியல, அதுதான் மூல காரணம். அளவு தெரியாத கருவியைத் திட்டி என்ன பிரயோஜனம்? கெட்டிலை நாற்பதுல வச்சு, டம்ளர்ல ஊத்தி, "விரலை விட்டு எவ்வளவுன்னு சொல்லு"ன்னேன். விளையாட்டுன்னு நினைச்சு சிரிச்சுக்கிட்டே விட்டா. இடது கை ஆள்காட்டி விரல். சரியா சொன்னா. ஐம்பதுல வச்சேன். "அப்பா"ன்னு விரலை உதறிக்கிட்டே சொன்னா, அதுவும் சரி. கெட்டிக்காரி மேடம் அவ. நான் பாத்த கருவிகள்லயே சீக்கிரம் கத்துக்கிட்டது அவதான்.

அதுக்கப்புறம் ஷீட்டுல ரெண்டு கட்டம் சேர்த்தேன். ஒண்ணு விலகல். இன்னொண்ணு திருத்தம். அறுபத்தஞ்சுக்கு எத்தனை டிகிரி குறையுதோ, அத்தனை எண்ணிக்கை விரல் டம்ளர்ல இருக்கணும். கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அவதான் எண்ணணும். முதல் மாசம் டம்ளர் தண்ணி ஐம்பது டிகிரி. பழகிடுச்சுன்னா அது திருத்தம் ஆகாது இல்லையா, அதனால அடுத்த மாசம் அறுபது. எழுபது ரெண்டே தடவைதான், ஷீட் உங்ககிட்ட இருக்கு, தேதியோட இருக்கும். எங்க அப்பா வீசின டம்ளருக்கு ஒரு எண்ணிக்கை உண்டா? எங்க அம்மாவுக்கு எப்ப முடியும்னு தெரியாது. பொற்கொடிக்குத் தெரியும். ஒரு மனுஷிக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதின்னு பயந்து வளர்ந்தவங்களுக்குத்தான் புரியும்.

வலது கையை நான் கேட்டதே இல்ல. அவளும் இடது கையைத்தான் நீட்டுவா. வேலைக்குப் போற பொண்ணு, அது எனக்கும் தெரியும்.

மாற்றம் தெரிஞ்சுது. விலகல் குறைஞ்சுது. என் பைக் சத்தம் தெரு முனையில கேட்கும்போதே கெட்டிலை வச்சுடுவா. ஷீட்டுல பூ நின்னுடுச்சு, பொ.கொடின்னு சின்னதா கையெழுத்துப் போட ஆரம்பிச்சா. டக்குன்னு சத்தம் வந்தா மட்டும் தோள் ஒரு தூக்கு தூக்கிப் போடும். நடக்கிற சத்தமே கேட்காது. திரும்பிப் பார்த்தா பின்னாடி நிப்பா.

இன்னொண்ணு கவனிச்சேன். இந்த வருஷம் கரண்ட் கட் உங்களுக்கே தெரியும். எங்க தெருவுக்கு சாயங்காலம் நாலுல இருந்து ஆறு, ரெண்டு பேரும் ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுல இருக்கிற நேரம். ஃபேன் நின்னதும் லைன் பூரா "அய்யோ, போச்சுடா"ன்னு சத்தம் வரும். எங்க வீட்டுல மட்டும் அவ முகம் தெளியும். கரண்ட் இல்லைன்னா கெட்டில் இல்ல, கேஸ் அடுப்புலதான் டீ, அதுக்கு ஷீட் கிடையாது. அந்த ரெண்டு மணி நேரம் அவ பாட்டு முணுமுணுப்பா. நான் ஹால்ல உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருப்பேன். ஆறு மணிக்கு ஃபேன் சுத்த ஆரம்பிச்சதும் பாட்டு பாதியில நின்னுடும். எனக்குக் கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கும்.

பக்கத்து வீடு ரோஷன் பீ. அவங்க வீட்டுல உட்கார்ந்து துணி தைக்கிறவங்க. எங்களுக்கும் அவங்களுக்கும் ஒரே செவுரு. ஒருநாள் தண்ணிக் குழாய்கிட்ட என்னை நிறுத்தினாங்க.

"தம்பி, நான் ஒண்ணு கேட்டா தப்பா நினைக்காதே. சாயங்காலம் ஆனா உங்க ஊட்ல அந்தப் பொண்ணு இன்னாத்தையோ எண்ணுதே, இன்னா அது?"

"டீ ஊறுற நேரம்க்கா. நிமிஷக் கணக்கு."

"டீ ஊறுறதுக்கு எதுக்கு தம்பி அழுதுக்கினே எண்ணணும்?"

"ஜலதோஷம்க்கா அவளுக்கு"ன்னேன். அவங்க குடத்தைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் அவ எண்ண ஆரம்பிச்சா பக்கத்து வீட்டுல தையல் மெஷின் நிக்கும். முடிஞ்ச பிறகுதான் திரும்ப ஓடும். ஒட்டுக் கேட்கிறது நல்ல பழக்கம் இல்ல, ஆனா நான் அதைச் சொல்லிக் காட்டல.

அவ ஏன் யார்கிட்டயும் சொல்லல, ஏன் மத்தூருக்கு, பொறந்த வீட்டுக்கு ஓடிப்போகலன்னு கேட்டீங்க. போன மாசம் வரைக்கும் எனக்கும் தெரியாது. போன மாசம்தான் அவ கம்பெனியில இருந்து அந்த லெட்டர் வந்துச்சு. பதினாலாம் தேதி திங்கட்கிழமை விரல் டெஸ்ட். லென்சுக்கு அடியில அரை மணி நேரத்துல இருநூறு சாமானைக் குறையில்லாம வைக்கணும். வச்சா பெர்மனென்ட். பெர்மனென்ட் ஆனவங்களை மைசூருக்கு மூணு மாசம் டிரெய்னிங் அனுப்புவாங்க. லேடீஸ் ஹாஸ்டல். திரும்பி வந்தா எந்த ஊர் பிளான்ட் வேணுமோ கேட்டு வாங்கிக்கலாம்.

லெட்டரை என்கிட்ட நீட்டிட்டு கதவு ஓரமா நின்னா. இடது கை முந்தானைக்குள்ள இருந்துச்சு. "போகட்டுமாங்க?"ன்னா. நான் என்ன சொன்னேன்னு கேளுங்க. "சந்தோஷமா போயிட்டு வா"ன்னேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லல. வேண்டாம்னு சொல்றவன்தான் கெட்ட புருஷன்.

அன்னையில இருந்து அவ ஓய்வு நேரம் பூரா பயிற்சிதான். தட்டுல கடுகைக் கொட்டி, புருவம் எடுக்கிற ட்வீசரால ஒவ்வொண்ணா எடுத்து வரிசையா வைப்பா. கோடு போட்ட மாதிரி நிக்கும் அந்தக் கடுகு. வலது கைக் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல். மூணும் அப்படி ஒத்துமையா வேலை செய்யும். எதிர்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருப்பேன். நான் பார்த்தா கடுகு கொஞ்சம் தள்ளி விழும். நான் எழுந்து போனா மறுபடி நேரா வரும். அதைத்தான் என்னால தாங்க முடியல.

காலண்டர்ல பதினாலாம் தேதிக்கு முன்னாடி ஒவ்வொரு நாளையும் பென்சில்ல லேசா அடிச்சிருந்தா. அழிச்சா தெரியாத அளவுக்கு லேசா. அளவு பார்க்கிறவன் கண்ணுக்கு அது தப்புமா மேடம்? அப்பத்தான் புரிஞ்சுது, சாயங்காலம் அவ எண்ணுறது ஒண்ணு, மனசுக்குள்ள எண்ணுறது வேற ஒண்ணுன்னு. அந்த வாரம் பூரா ஸ்டாண்டர்ட்ஸ் ரூம்ல இருபது டிகிரி ஏசியில உட்கார்ந்து எனக்கு சட்டை நனைஞ்சுது. ரெண்டு கருவியைத் திரும்பத் திரும்ப அளந்தேன். நான் எவ்வளவு பயந்தேன்னு யாரும் எழுத மாட்டேங்கிறீங்க.

ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். மூணே முக்காலுக்கு டீ கேட்டேன். அடுப்படிக்குப் போகும்போதே அவ கண்ணு ஃபேன் மேலதான். நாலு மணிக்கு கரண்ட் போயிடும், கொஞ்சம் மெதுவா செஞ்சா தப்பிச்சுடலாம்னு கணக்குப் போட்டிருப்பா. பாவம், ஞாயித்துக்கிழமை எங்க தெருவுக்கு கட் கிடையாது. டெஸ்ட் நினைப்புல அதை மறந்துட்டா.

கெட்டில் நிறையத் தண்ணி வச்சா. நிறைய இருந்தா சீக்கிரம் ஆறாது, விலகல் குறையும், நான்தான் சொல்லிக் கொடுத்தது. பட்டனை அழுத்தினா. நான் ஹால்ல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். தொண்ணூறு வரும்போது ஒரு இரைச்சல் இருக்கும், உடனே டக்குன்னு நின்னுடும். அன்னைக்கு நிக்கல. தண்ணி குதிக்கிற சத்தம் வந்துச்சு. ஆவி திரைச்சீலையைத் தாண்டி ஹாலுக்கு வந்துச்சு. நாலு மணி ஆச்சு. ஃபேன் சுத்திக்கிட்டே இருந்துச்சு. நாலு அஞ்சு ஆச்சு. அவ வெளிய வரல, கூப்பிடல. பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம். சுவிட்சை அணைச்சிருக்கலாம். ஒரு விரல் வேலை. ஆனா டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் தொடக்கூடாதுன்னு நான் சொல்லியிருக்கேன்.

நான் எழுந்து போய்ப் பார்த்தப்போ கெட்டிலுக்கு முன்னாடி ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு நின்னா. செவுத்துல தண்ணி வழியுது. முகம் பூரா வேர்த்து, முடி நெத்தியில ஒட்டியிருந்துச்சு.

"ஏங்க, டக்குன்னு வரலைங்க"ன்னா. "நான் தொடவே இல்லைங்க. சத்தியமா தொடலைங்க."

பட்டனைப் பார்த்தேன். நூறுல இருந்துச்சு. மணி பார்த்தேன். பதினேழு நிமிஷம் லேட்டு. டீயே வரல, அதனால டிகிரி கணக்கு போட வழி இல்ல. நிமிஷக் கணக்குதான் நியாயம்னு பட்டுச்சு. கெட்டில்ல ஒரு டம்ளர் அளவுதான் மிச்சம். ஊத்தினேன். அவ இடது கையை நீட்டினா. அவளா நீட்டினா மேடம், நான் கேட்கவே இல்ல.

"எந்தக் கையால அழுத்தினே?"ன்னு கேட்டேன்.

பொய் சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன்னு நினைக்கிறேன். டம்ளரைப் பார்த்தா. அப்புறம், "நாளைக்கு டெஸ்ட்டுங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. வலது கையை முதுகுக்குப் பின்னாடி கொண்டு போனா. எட்டு வருஷத்துல அவ என்கிட்ட எதையாவது மறைச்சது அன்னைக்குத்தான்.

அந்த வலது மணிக்கட்டை நான் பிடிச்சுக்கிட்டேன். கை ஆடினா சரியா வராது. முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டா, அதனால அவளால எண்ண முடியல. நான் எண்ணினேன். நிதானமா, ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல ஒரே அளவு இடைவெளி விட்டு. பதினொண்ணு சொல்லும்போது கதவை உடைக்கிற மாதிரி சத்தம். ரோஷன் பீ. செவுத்துக்கு அந்தப் பக்கம் பொண்ணு குரல் கேட்காம ஆம்பளை குரல் எண்ணுறதைக் கேட்டதும் ஈரக்குலை நடுங்கிப்போச்சுன்னு உங்ககிட்ட சொன்னாங்களாமே. நான் உடனே நிறுத்திட்டேன். ஆறு மிச்சம் இருந்துச்சு. அந்த ஆறை நான் அப்புறம் கேட்கவே இல்ல, அதையும் எழுதிக்கங்க.

மூணு விரலும் இனி மடங்காதுன்னு டாக்டர் சொன்னதா சொன்னீங்க. ரோஷன் பீ கூட இருக்காங்களாம். என்னைப் பார்க்க மாட்டேன்னு பொற்கொடி சொல்லிட்டாளாம். பயந்திருக்கா. சரியாயிடும்.

எங்க கம்பெனியில ஒரு தப்பு நடந்தா அஞ்சு தடவை ஏன்னு கேட்கணும் மேடம். ராத்திரி லாக்கப்புல உட்கார்ந்து நானே கேட்டுப் பார்த்தேன். விரல் ஏன் வெந்துச்சு, டீ வரல. டீ ஏன் வரல, கெட்டில் நிக்கல. ஏன் நிக்கல, நூறை அழுத்திட்டா. நூறை ஏன் அழுத்தினா? அவளுக்கு நம்பர் பார்த்து அழுத்துற பழக்கம் இல்ல. சிவப்பு டேப்புக்கு முந்தின கடைசிப் பட்டன், அதுதான் தொண்ணூறு. ரெண்டு வருஷமா அவ விரல் தடவித் தடவிக் கத்துக்கிட்டது. அன்னைக்குக் கண்ணு ஃபேன்ல இருந்துச்சு, விரல் கடைசிப் பட்டனைத் தேடிச்சு. டேப் இல்ல. கடைசிப் பட்டன் நூறு.

அஞ்சாவது, டேப் ஏன் இல்ல? நான்தான் எடுத்தேன். சனிக்கிழமை அவ கடைக்குப் போயிருந்தப்போ. ஓரம் பிஞ்சிருந்துச்சு, புதுசு ஒட்டலாம்னு. புது டேப் சுருள் என் பையில இருந்துச்சு, நீங்க எடுத்து வச்சிருக்கீங்க.

ஏன் ஒட்டலன்னு கேட்கிறீங்க. அது ஆறாவது ஏன் மேடம். எங்க ஃபார்ம்ல அஞ்சு கட்டம்தான் இருக்கு.

இப்படியே பார்த்துக்கிட்டு இருக்காதீங்க. சொல்றேன். ஞாயித்துக்கிழமை கட் இல்லைன்னு எனக்குத் தெரியும். அவ விரல் எங்க போகும்னு தெரியும். சத்தம் வராம அவ கெட்டிலைத் தொட மாட்டான்னு தெரியும். வலது கைன்னு அவ சொல்ல வேண்டிய அவசியமே இல்ல, அதுவும் தெரியும். அவ மைசூருக்குப் போனா திரும்பி வர மாட்டா. அந்த வீட்டுல நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். டேப்பை எடுத்தேன், பேப்பர் படிச்சேன், காத்துக்கிட்டு இருந்தேன். நான்தான் பண்ணேன்.

வருஷத்துக்கு ஒருதரம் மாஸ்டரையே பெங்களூருக்கு அனுப்புவோம், அதை அளந்து பார்க்க. வீட்டுல எனக்கு மேல அப்படி ஒரு இடம் இல்லாமப் போச்சு. அது ஒண்ணுதான் குறை.

கையெழுத்துப் போட்டுடுறேன். ரைட்டர் சார் எழுதினதை முழுசாப் படிச்சேன், எல்லாம் சரியா இருக்கு, ஒரே ஒரு திருத்தம். மூணாவது பக்கத்துல நூறு டிகிரி கொதிநீர்னு எழுதியிருக்கு. அது தப்பு மேடம். ஓசூர்ல தண்ணி நூறுக்கு வராது. தொண்ணூத்தேழுன்னு மாத்திடுங்க. நூறுன்னு இருந்தா படிக்கிறவங்க என்னைக் கொடுமைக்காரன்னு நினைச்சுடுவாங்க.